மீன் போட்ட கிணறு

"ஊத்தாதீங்க!"

ஸும்றா போட்ட சத்தத்தில் பைறோஸா மாமியின் கையிலிருந்த வாளி பாதிச் சரிவில் நின்றது. முன்னறையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் குரலும் ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்தது. சாவு விழுந்த மையத்து வீட்டில் மகள் கத்தினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. உம்மாவைக் குளிப்பாட்டப் போகிற நேரம், பிள்ளைக்குத் தாங்கவில்லை என்று எல்லோரும் தாங்களாகவே முடிவுசெய்துகொண்டார்கள்.

ஸும்றாவோ உம்மாவின் பக்கம் பார்க்கவேயில்லை. வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புழு மகள்," என்றார் பைறோஸா மாமி இரக்கத்தோடு. அந்தப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள பெண்களுக்கெல்லாம் கடைசிக் குளிப்பு அவர் கையால்தான். "இந்தத் தண்ணிய உம்மாட மேல ஊத்த ஏலா. எறிஞ்சிட்டு வேற எடுப்பம்."

"எறிய வாணாம் மாமி. மெதுவா கீழ வைங்க. ஆட்டாதீங்க. அல்லாவுக்காக ஆட்டாம வைங்க!"

மாமி வைத்தார். ஸும்றா சீமெந்துத் தரையில் குந்தி, வாளியின் விளிம்போடு கண்ணை வைத்தாள். பத்துப் பதினைந்து இருக்கும். கொழும்பில் அவள் பார்த்த புழுக்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும், வால் மட்டும் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இவை தொங்கவில்லை. தண்ணீரின் தோலுக்கு அடியில், மட்டத்தோடு மட்டமாக, பாயில் படுத்ததுபோல நீட்டிப் படுத்திருந்தன. அவள் நிழல் விழுந்ததும் பக்கவாட்டில் துள்ளித் துள்ளி விலகின.

அவள் நெஞ்சும் துள்ளியது. உம்மா மவுத்தான நாளில் நெஞ்சு இப்படியா துள்ளும் என்று வெட்கப்பட்டாள். வெட்கம் ஒரு பக்கம் இருக்க, துள்ளல் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் ஐயா, மூன்று வருடம்! கொட்டாஞ்சேனைச் சந்துகளில், புதுக்கடைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்தில், களனி ஆற்றங்கரை வீடுகளில், எத்தனை கிணற்றுக்குள் தலையை விட்டிருப்பாள்! எத்தனை பேர் "மிஸ் எதையும் போட்டுட்டீங்களா, நகையா?" என்று கேட்டிருப்பார்கள்! அதெல்லாம் போக, கடைசியில் தன் வீட்டுக் கொல்லையிலா?

இது மலேரியா நுளம்புச் சாதி. அதிலும் அவள் தேடிக்கொண்டிருந்தது நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர் டாங்கிகளிலும் குடியேறக்கூடிய ஒரு வகையை. வடக்கில் கண்டிருக்கிறார்கள். கொழும்புக்கு வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. நாட்டில் மலேரியா ஒழிந்து வருடங்களாகிவிட்டன, ஆனால் அதைச் சுமக்கிற நுளம்பு ஊருக்குள் வந்துவிட்டால் காய்ச்சலோடு ஒரு பயணி விமானத்தில் வந்து இறங்கினால் போதும். "கொழும்பில இல்லை எண்டு எழுதி முடிப்பம் ஸும்றா, இனியும் தேட ஏலாது," என்று ஆய்வுக்குப் பொறுப்பான பெரியவர் லோகேஸ்வரன் வெள்ளிக்கிழமைதான் சொல்லியிருந்தார். ஆய்வு முடிந்தால் இந்த மாதக் கடைசியோடு அவள் வேலையும் முடியும். அண்ணன் நப்ரீஸ் அவளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் பயோ டீச்சர் வேலை பேசியும் வைத்துவிட்டான். கௌரவமான வேலையாம். கையில் அகப்பையோடு ஊரான் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கத் தேவையில்லையாம்.

அன்று விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போன உம்மா, தேயிலைப் போத்தலைக் கையில் பிடித்தபடியே தரையில் சாய்ந்தார். இதயம். டொக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பின்னேரம் அஸர் தொழுகையோடு ஜனாஸா அடக்கம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை, சனம் மேல் சனம், தண்ணீர் வேறு கட். டாங்கி காலியானதும் நப்ரீஸ்தான் கொல்லைக் கிணற்றின் தகரத்தைத் தூக்கச் சொன்னான். இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிய அந்த ஒழுங்கைத் தெருவில் கிணறு மிஞ்சியிருந்தது உம்மா றஸ்மியாவின் வீட்டில் மட்டும்தான். அதில் யாரும் தண்ணீர் அள்ளிப் பல காலம்.

"அந்தக் கெணத்துல மீன் ஈந்திச்சே?" என்றாள் ஸும்றா, யாரையும் பார்க்காமல். மாநகர சபை ஆட்கள் வந்து குட்டி மீன்கள் போட்ட கிணறு அது. மீன் போட்ட கிணற்றில் புழு தப்பாது. அதனால்தான் ஆய்வில் அந்தக் கிணற்றைச் சேர்க்கவில்லை, விதியே அப்படி.

பைறோஸா மாமி வாளியை அடுப்படி மூலைக்கு நகர்த்தி மேலே ஒரு தட்டை வைத்தார். "முதல்ல உம்மாவக் குளிப்பாட்டுவம். பக்கத்து ஃப்ளாட்டுல தண்ணி தாறாங்க."

*

பின் விறாந்தையைச் சுற்றிப் படுக்கை விரிப்புகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த பலகையில் உம்மா, மேலே வெள்ளைத் துணி. இலந்தை இலை போட்ட தண்ணீர் இரண்டு பெரிய சட்டிகளில் வந்தது. "வலது பக்கத்தால தொடங்கு மகள்," என்றார் மாமி. மாமி ஊற்ற, ஸும்றா துணிக்கு மேலாலேயே கழுவினாள். தோள், முழங்கை, மணிக்கட்டு. உம்மாவின் விரல்களில் இன்னும் தேயிலைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

இடது கைக்கு வந்தபோது அவள் கொஞ்சம் நின்றாள்.

ஊரடங்குக் காலத்தில் ஆய்வுகூடம் பூட்டியபோது நுளம்புக் கூடு ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஆய்வுகூடத்திலேயே பிறந்து வளர்ந்த, நோய்நொடி இல்லாத நுளம்புகள். பெண் நுளம்புக்கு இரத்தம் கிடைக்காவிட்டால் முட்டை இல்லை, முட்டை இல்லாவிட்டால் இரண்டு வருட வேலை வீண். ஸும்றா தன் கையையே கூட்டுக்குள் விட்டுத் தீன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் கை தடித்துச் சிவந்து தாங்க முடியாமல் போனது. உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது பக்கச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினார். "தள்ளு. ஊட்டுக்கு வந்ததுகள பட்டினி போட ஏலுமா?" என்று கையை உள்ளே நீட்டினார். நீட்டிவிட்டு, "அடியே, நல்லாக் குடிங்க. பொறகு ஊருல போய் றஸ்மியா கஞ்சத்தனம் புடிச்சவ எண்டு செல்லக் கூடா," என்று அதட்டல் வேறு. நப்ரீஸ் ஒரு நாள் கண்டுவிட்டு வீட்டையே இரண்டாக்கினான். உம்மா அசையவில்லை. வாப்பா போன பிறகு அந்த வீட்டில் உம்மாவை அசைக்கக்கூடியவர் யாரும் இருக்கவில்லை.

"மாமி," என்றாள் ஸும்றா. "மீனுக்கு என்ன நடந்த?"

மாமி தண்ணீர்க் கோப்பையை நிறுத்தினார். சட்டிக்குள் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மையத்துக்கு முன்னால பொய் செல்ல ஏலாதே," என்று முணுமுணுத்தார். பிறகு மளமளவென்று கொட்டினார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி உங்கும்மா ஒரு வலையோட கெணத்தடியில நிண்டா. என்னத்தப் புடிக்கிற எண்டு கேட்டேன். மீனாம். என்னத்துக்குப் புள்ள மீனப் புடிக்கிற எண்டேன். 'இந்த ஹராங்குட்டி மீனெல்லாம் நுளம்புக் குஞ்சத் திண்டு முடிக்குது பைறோஸா. என்ட புள்ள வெயில்ல ஊரெல்லாம் அலஞ்சி நுளம்பு தேடுறா, ஒண்டும் கெடைக்கல்ல எண்டு அழுறா. ஊட்டுல ஈக்கிறதயாவது அவளுக்குச் சேத்து வைப்பம்' எண்டா. ஒரு மீன உட இல்ல. எல்லாத்தையும் என்ட ஊட்டுத் தொட்டியில கொண்டாந்து போட்டா. 'ஸும்றாட்ட செல்லிடாத, இன்னும் கொஞ்சம் பெருகட்டும், பொறகு காட்டுவேன்' எண்டா."

ஸும்றா வாயைப் பொத்தினாள். பொத்தியும் பயனில்லை. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. மையத்துப் பலகையின் பக்கத்தில், கையில் ஈரத் துணியோடு, அவள் சிரித்தாள். நுளம்பு பெருக்கினால் தண்டம் என்று வானொலியில் நாள்தோறும் சொல்கிற ஊரில், நுளம்பைத் தேடி அழிக்கிறவளுக்கு, நுளம்பை வளர்த்துப் பரிசு கொடுக்க நினைத்த மனுஷி! அழிக்கத்தான் தேடுகிறேன் என்று இத்தனை வருடத்தில் ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாமே! சொல்லியும் இருந்தாள். உம்மாவின் காதில் விழுந்தது "தேடுறேன்" மட்டும்தான்.

"சிரிக்காத புள்ள, பாவம்," என்ற மாமியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். விரிப்புக்கு வெளியே நின்ற பெண்கள், உள்ளே இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்து, "ஸபூர் செய்ங்க, ஸபூர் செய்ங்க," என்று பொறுமை சொன்னார்கள்.

அப்போதுதான் விரிப்பை விலக்கிக்கொண்டு அஸ்காவின் தலை உள்ளே வந்தது. நப்ரீஸின் மனைவி. சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஸும்றா, அவர் மண்ணெண்ணெக் கேனத் தூக்கிக்கிட்டு கெணத்தடிக்குப் போறார். வந்த சனம் புழுவக் கண்டுட்டாங்களாம், மிச்சம் வெக்கமா ஈக்காம்."

ஸும்றாவுக்குச் சிரிப்பு அறுந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தண்ணீரில் படர்ந்தால் அத்தனையும் மூச்சு முட்டிச் செத்துப் போகும். வாளியில் இருக்கிறது போதாது. கிணற்றில் பெருகுகிறது என்று காட்டினால்தான் கணக்கு. ஓடவேண்டும் என்று கால் துடித்தது. கையில் உம்மாவின் கை இருந்தது. இடது பக்கம் இன்னும் முடியவில்லை, இன்னும் இரண்டு தரம் தண்ணீர் ஊற்ற இருக்கிறது, கடைசியில் கற்பூரத் தண்ணீர். இந்தக் குளிப்பு ஒரு தரம்தான்.

அவள் உம்மாவின் கையை விடவில்லை.

"மதினி, நீங்க போய்க் கெணத்துக் கட்டுல ஏறி இரிங்க."

"கட்டுலயா?"

"ஓம். ஏறி இரிங்க. நான் வாற வரைக்கும் எழும்பாதீங்க. யார் வந்து செல்லினாலும்."

அஸ்கா அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாளியிருந்த மூலையைப் பார்த்தாள். "அனோபிலிஸா?" என்றாள்.

மலேரியா நுளம்பின் அந்தப் படிப்புப் பெயர் பைறோஸா மாமிக்கு விளங்கவில்லை. ஸும்றாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓம், அஸ்காவும் உயர்தரத்தில் பயோ செய்தவள்தான். ஆஸ்பத்திரி லெப் வேலைக்கான படிப்புக்குத் தெரிவாகியிருந்தாள், அதே மாதம் கலியாணமும் பொருந்தியது. கலியாணம் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

"அதுதான் மதினி. ஓடுங்க!"

அஸ்கா ஓடினாள். உண்மையாகவே ஓடினாள், அபாயாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு.

*

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடித்து ஸும்றா கொல்லைக்கு வந்தபோது காட்சி அப்படியே இருந்தது. கிணற்றுக் கட்டில் அஸ்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் கேனோடு நப்ரீஸ். முகம் சிவந்திருந்தது. கோபத்தாலா அழுகையாலா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தன.

"இவளுக்கு என்ன புடிச்சிருக்கு? எழும்பு எண்டு எத்தன தரம் செல்றேன்! உம்மாட ஜனாஸா ஊட்டுல கெணத்து மேல ஏறி இருந்துக்கிட்டு!"

"நான்தான் இருக்கச் சொன்னேன் நானா. எண்ணெய ஊத்தாதீங்க. நான் தேடினது இதுதான்."

நப்ரீஸுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கேனைத் தொம்மென்று வைத்தான். "ஸும்றா, கேளு. இண்டைக்கா? உனக்கு இண்டைக்கா நுளம்பு? சுகாதாரப் பீ.எச்.ஐமார கொண்டாந்து இந்த ஊட்டுல நிப்பாட்டப் போறியா? நாளைக்குச் சனம் என்ன செல்லும்? றஸ்மியாட ஊட்டால மலேரியா வந்திச்சாம் எண்டு செல்லும். உம்மாட பேரு நாறோணுமா?"

"பக்கத்து ஃப்ளாட்டுப் புள்ளைகளுக்குக் காச்சல் வந்தா?"

"அதுக்குத்தானே ஊத்தப் போறேன்! ஊத்தினா முடிஞ்சிச்சி!"

"இந்தக் கெணத்துல முடியும். இது எங்கயிருந்து வந்திச்சி நானா? ஆகாயத்தாலயா? இன்னும் எத்தன டாங்கியில ஈக்கிதோ! தெரிஞ்சாத்தான் தேடலாம்."

முன்வாசலில் யாரோ நப்ரீஸைக் கூப்பிட்டார்கள். மையத்தைத் தூக்கிப் போகிற சந்தூக்கு பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டது. அவன் கேனைக் கையில் எடுத்தான், திரும்ப வைத்தான். "உம்மாவ அனுப்பிட்டு வாறேன். வந்து ஊத்துவேன்," என்றான். "அதுக்குள்ள நீ யாருக்கும் ஃபோன் கோல் எடுத்தா, எனக்குத் தங்கச்சியே இல்ல."

கடைசியாக முகம் பார்க்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஸும்றா குனிந்து உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள். கற்பூர வாசம். அவள் வாயில் ஒரு வாக்கியம் துடித்துக்கொண்டிருந்தது: உம்மா, கெடச்சிட்டுது. எந்தக் கிணற்றில் எது கிடைத்தாலும் முதலில் உம்மாவிடம்தான் ஓடிவந்து சொல்லுவாள், அது பழக்கம். உம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, "எங்க, என்ன சாதி, எப்படி ஈந்திச்சி?" என்று கேட்பார். நப்ரீஸ் சந்தூக்கின் தலைமாட்டில் நின்று விம்மி விம்மி அழுதான். பெரிய உடம்பு, ஆடியது. ஸும்றா அழவில்லை. படித்த புள்ளைக்கு நெஞ்சு கல்லு என்று யாரோ சொன்னது கேட்டது.

பிறகு ஆண்கள் தூக்கினார்கள். சந்தூக்கு ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதி என்ற பெருந்தெருவுக்குத் திரும்பியதும் வீடு முழுக்கப் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

*

"வாங்க மதினி," என்றாள் ஸும்றா.

இனிமேல் நடக்கப்போவதை அந்த வீட்டில் வேறு யாரும் பார்க்காதபடி பைறோஸா மாமி கொல்லைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களிடம், "புள்ளைகள் கொஞ்சம் காத்து வாங்குதுகள்," என்றார்.

சூப் அகப்பையைத் தடியில் கட்டினார்கள். தேத்தண்ணி வடியைக் கழுவி எடுத்தார்கள். ஹோர்லிக்ஸ் போத்தல்கள் மூன்று. ஸும்றா குப்புறப் படுத்து அகப்பையை இறக்கினாள். விளிம்போரமாகச் சரித்து, தண்ணீர் தானாக உள்ளே வரவிட்டு, மெதுவாகத் தூக்கினாள். முதல் அகப்பையிலேயே ஆறு. "ஆறு!" என்றாள் அஸ்கா, சொல்லிவிட்டு வாயைப் பொத்தினாள். இரண்டாவதில் குட்டிக் குட்டியாக, நேற்றுப் பொரித்தவை. மூன்றாவதில் அவள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. கேள்விக்குறி போல வளைந்து, தலை பெருத்து, கறுப்பாக.

"கூட்டுப்புழு!" ஸும்றாவின் குரல் கீச்சென்று போனது. "மதினி, பாருங்க, கறுத்துட்டுது! இது இண்டைக்கே வெளிக்கிடும்!"

"எங்க, காட்டுங்க. அல்லாவே! உள்ளுக்கு ரெக்க தெரியுதே!"

"தெரியுதா?"

"தெரியுது. கண்ணும் தெரியுது!"

இருவரும் ஒரே போத்தலில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அஸ்காவின் கன்னம் சூடாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தவளையின் இதயம் துடித்ததைப் பார்த்த அன்றைக்குப் பிறகு தனக்கு இப்படி ஒரு நாள் வரவில்லை என்றாள். ஒரு புழுவை வடியால் எடுத்து மற்றப் போத்தலுக்கு மாற்றும்போது அவள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஸும்றா அதைக் கவனித்தாள். வேலை மட்டும் நீளட்டும், இவளை இழுத்துக்கொண்டு போகாமல் விடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

அஸர் கழிந்து வெயில் மஞ்சளானபோது முதல் கூட்டுப்புழுவின் முதுகு பிளந்தது. வெளிறிய ஒன்று நெளிந்து நெளிந்து வெளியே வந்து, போத்தல் வாயில் கட்டிய வலைத்துணியில் ஏறி உட்கார்ந்தது. தலை கீழே, வால் மேலே. ஸும்றா தன் பையிலிருந்த, பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையை எடுத்துக் கண்ணில் வைத்தாள். மூச்சை அடக்கினாள். வாயின் இரண்டு பக்கமும் நீண்டிருந்த உணர்கொம்புகளில் வெள்ளைப் பட்டைகள். பட்டைக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி. கால்களிலும் புள்ளி.

"அதுதான்," என்றாள். "அதேதான் மதினி."

அஸ்கா அவளைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் கிணற்றுக் கட்டில் இருந்து சின்னப் பிள்ளைகள் போல் ஆடினார்கள்.

*

உம்மாவை அடக்கிவிட்டு நப்ரீஸ் ஜாவத்தை மையவாடியிலிருந்து வந்தபோது சாரத்தின் ஓரம் முழுக்கச் செம்மண். செருப்பைக் கழற்றாமல் நேரே கொல்லைக்கு வந்தான். கேன் அங்கேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றான்.

"கோல் எடுத்தியா?"

"இல்ல."

"ஏன் எடுக்க இல்ல?"

"தங்கச்சி இல்ல எண்டு செல்லிட்டீங்களே. இண்டைக்கு உம்மாவும் போன பொறகு, நானாவும் இல்லாம போனா என்ன செய்ற?"

நப்ரீஸ் முகத்தை மறுபக்கம் திருப்பினான். வெகு நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கடல் தெரியாது, அடுக்குமாடியின் முதுகுதான் தெரியும்.

"பள்ளிவாசல்ல பைறோஸா மாமிட மகன் செல்லினான்," என்றான் கடைசியில். "மீன் கத. அவனுக்கும் உம்மா செல்லி ஈந்தாவாம். தொட்டியப் பாத்துக்கொள்ளச் செல்லி." அவன் உதடு ஒரு பக்கம் கோணியது. "எனக்குத்தான் செல்ல இல்ல. செல்லியிருந்தா ஏசியிருப்பேன் எண்டு தெரியும்தானே."

அவன் சாரத்து ஓரத்துச் செம்மண்ணைத் தட்டினான்.

"உம்மாட ஊட்டாலதான் வந்திச்சி எண்டு செல்லுவாங்க ஸும்றா."

"செல்லுவாங்க. உம்மாட ஊட்டுலதான் கண்டுபுடிச்ச எண்டும் செல்லுவாங்க. ஊருல காச்சல் வர முந்தி."

நப்ரீஸ் கேனைத் தூக்கினான். அஸ்கா கிணற்றுக் கட்டின்மேல் நேராக நிமிர்ந்தாள். அவன் கேனை அடுப்படிப் பக்கம் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தான். வந்து, "எடு," என்றான்.

லோகேஸ்வரன் முதல் மணியிலேயே எடுத்தார். ஸும்றா தொலைபேசியைக் கிணற்றுக் கட்டில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டாள். கைகள் ஈரம். பேசத் தொடங்கியதும் நிறுத்தத் தெரியவில்லை. படுத்துக் கிடந்த புழு, கூட்டுப்புழு, வெள்ளைப் பட்டை, புள்ளி, கால், கடற்கரையோரக் கிணறு, உப்புச் சேர்ந்த தண்ணீர். மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

"பொறும், பொறும்," என்றார் அவர். கதிரை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. "உண்மையாவோ? நீர் கண்ணால பாத்தனீரோ? கொழும்பிலயோ? ஐயோ கடவுளே! ஸும்றா, ஒருத்தரையும் கிணத்தடிக்கு விடாதையும். நாளைக்குக் காலமை நாங்கள் எல்லாரும் வாறம். இனி ஆர் உம்மட வேலையை நிப்பாட்டிறது? நான் பாக்கிறன்!"

அஸ்கா நப்ரீஸின் கையைக் கிள்ளினாள். அவனும் சிரிப்பதுபோலத்தான் இருந்தான்.

"மீன் போடேல்லையோ அந்தக் கிணத்துக்கு?"

"போட்டாங்க சேர். எங்கட உம்மா எல்லாத்தையும் புடிச்சி எடுத்துட்டா."

"ஏன்?"

"நான் நுளம்பு தேடுறேன் எண்டு... எனக்குச் சேத்து வைக்க."

அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு ஒன்று வெடித்தது, நல்ல மனதோடு வந்த சிரிப்பு. "அம்மாட வேலையைப் பாரும்! இந்தக் கண்டுபிடிப்பு அவவிட பேரிலதான் போகவேணும். மாதிரியைச் சேத்தவர் எண்டு ஆற்ற பேரைப் போட, உம்மட பேரோ?"

ஸும்றாவுக்குத் தன் பேர் வேண்டியிருந்தது. மாதிரியில் ஒட்டுகிற அந்தத் துண்டில் தன் பேர் விழுவதற்காகத்தான் மூன்று வருடம் அலைந்தாள்.

"இல்ல சேர். றஸ்மியா எண்டு போடுங்க. ஸாலிஹ் றஸ்மியா."

"றஸ்மியா," என்று எழுதிக்கொண்டே சொன்னார். "நான் அவவோட இருந்து ஆறுதலாக் கதைக்க வேணும். எப்ப மீனை எடுத்தவ, முதல் புழுவை எப்ப கண்டவ, எல்லாம் கேக்க வேணும். நாளைக்கு அம்மா வீட்டில நிப்பாதானே?"

ஸும்றா வாயைத் திறந்தாள். விடிந்ததிலிருந்து எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றை யாருக்கும் சொல்ல நேரவில்லை, வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

நப்ரீஸ் குனிந்து தொலைபேசிக்குக் கிட்டே வந்தான். "சேர், நான் அவட மகன், நப்ரீஸ். நீங்க வாங்க. காலைல ஓதல் ஈக்கி, அது முடிஞ்ச பொறகு வாங்க. சாப்பிட்டுத்தான் போகோணும்."

"வாறம் தம்பி, கட்டாயம் வாறம். ஓதலோ? வீட்டில என்ன விசேஷம்?"

நப்ரீஸ் தங்கச்சியைப் பார்த்தான். அவள் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தாள். உள்ளே இரண்டாவது கூடும் பிளந்து, புதிய நுளம்பு தான் கழற்றிய தோலின் மேலேயே ஏறி நின்று, சிறகு காய்வதற்காகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"ஹலோ?" என்றார் லோகேஸ்வரன். "கேக்குதோ?"